ஷைலாக்கும் நம் அனுதாபமும்

ஷேக்ஸ்பியர் ஷைலாக்கிடம் அனுதாபம் காட்டினார் என்று சொல்வது நம் ஆங்கிலப் பேராசிரியர்களுக்கு வழக்கமாகிவிட்டது. மூன்றாம் அங்கத்தில் தானும் ரத்தமும் சதையுமான மனிதனே என்று அவன் பேசுவதை ஆதாரமாக நீட்டுவார்கள். அந்தப் பேச்சு எங்கே போய் முடிகிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். பழிவாங்கும் உரிமையில் முடிகிறது அது. மனிதாபிமானப் பிரசங்கம் அல்ல. ஒரு வட்டிக்கடைக்காரனின் கணக்கு. 1943ல், நாஜிகள் ஆண்ட வியன்னாவின் பர்க் தியேட்டரில், யூத வெறுப்பை ஊட்டுவதற்காகவே இதே நாடகத்தைப் போட்டார்கள். அந்தப் பேச்சு யாரையும் காப்பாற்றவில்லை.

அனுதாபம் பேச்சில் இல்லை, வேறு இடங்களில் இருக்கிறது. கடன் கேட்டு வந்த அந்தோனியோ, இதற்கு முன் துப்பியதுபோல் இனியும் துப்புவேன் என்று கூசாமல் சொல்லுகிற இடத்தில். ஓடிப்போன மகள், தாய் லேயா கொடுத்த மோதிரத்தை ஒரு குரங்குக்கு மாற்றினாள் என்று தகப்பன் கேள்விப்படும் இடத்தில். லேயா மேடைக்கே வருவதில்லை. இருந்தும் அந்த ஒரு பெயரில் அவனுக்கு ஒரு வீடு, ஓர் இறந்தகாலம் கிடைத்துவிடுகிறது. பிறகு நீதிமன்றத்தில் அவன் கேட்கிறான்: நீங்கள் அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறீர்களே, நான் வாங்கிய சதை மட்டும் எப்படி என்னுடையதல்ல என்று. சபையில் யாரும் இதற்குப் பதில் சொல்வதில்லை. நம் பள்ளிக்கூட மேடைகளில் போர்ஷியாவின் கருணைப் பேச்சுதான் மனப்பாடம். கருணை பேசும் நகரத்தைப் பார்த்து அவன் கேட்ட கேள்வி பாடத்தில் இல்லை.

கொடுத்ததை நாடகாசிரியன் திரும்பப் பறித்துக்கொள்கிறான் என்பதையும் சொல்லவேண்டும். கட்டாய மதமாற்றத் தீர்ப்பு. உடம்பு சரியில்லை என்று சொல்லி வெளியேறுகிறான். ஐந்தாம் அங்கம் முழுக்க நிலவு, சங்கீதம், மோதிர வேடிக்கை. பார்வையாளன் அவனை மறந்துவிட்டு வீடு போகலாம். 1290ல் யூதர்களை விரட்டி, 1656 வரை பகிரங்கமாக உள்ளே விடாத தேசத்தின் பார்வையாளன் அவன்.

நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது. 1688ல் சென்னை மாநகராட்சி ஏற்பட்டபோது அதன் ஆல்டர்மேன்களில் யூதர்களும் இருந்தார்கள். பவளமும் வைரமும் அவர்கள் வியாபாரம். பவளக்காரத் தெரு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. மூலக்கொத்தளத்திலிருந்து நடக்கிற தூரத்தில், தங்கசாலைத் தெருவில் கிடந்த அவர்களுடைய கல்லறைக் கற்கள் காசிமேட்டுக்குப் போய், அங்கிருந்து 1983ல் லாயிட்ஸ் சாலைக்குப் போயின. செத்தபிறகும் இடம் மாறிக்கொண்டிருந்தவர்கள். இவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யூதனை நாம் ஆங்கிலப் பாடப்புத்தகத்திலிருந்து இறக்குமதி செய்துகொண்டோம்.

வேணுகோபாலாச்சாரியார் 1874லேயே இந்த நாடகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பிறகு பம்மல் சம்பந்த முதலியாரின் வாணீபுர வணிகன். 1940ல் செருகளத்தூர் சாமா நடித்த ஷைலாக் படம். இந்தியில் பாரதேந்து ஹரிச்சந்திரர் யூதனைச் சமணனாக்கினார். நம் ஊர் அந்நியன் யார் என்ற விபரீதமான கேள்வியை அவராவது வெளிப்படையாகக் கேட்டார். தமிழில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது நாடக இலக்கியம் அல்ல, வெகுஜன மேடையும் சினிமாவும். பதில்: 'நம்பள், நிம்பள்' என்று பேசும் சேட்டு. ஷைலாக்குக்குச் சொந்தமாக ஒரு பாஷை உண்டு. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சிக்கனம், வேதத்து ஆட்டுமந்தைக் கதையை வட்டிக்கு நியாயமாக்கும் சாமர்த்தியம். சேட்டுக்கு நாம் கொடுத்தது உடைந்த தமிழ் மட்டும். வீடில்லை, லேயா இல்லை, கேள்வி இல்லை. பாஷை மறுக்கப்பட்ட பாத்திரத்துக்கு அனுதாபம் எங்கிருந்து வரும்?

வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு வட்டிக்காரனுக்கு வக்காலத்தா என்று நண்பர்கள் கேட்பார்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லி 2003ல் சட்டம் தடைபோட்டது. அவற்றை நடத்துகிறவன் எப்போதும் சேட்டுதானா? பல சமயம் அதே தெருக்காரன், நம் பாஷை பேசுகிறவன், கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறவன். மேடையில் சேட்டைப் பார்த்துச் சிரிக்கும்போது இவன் நம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறான். ஷைலாக்கின் கத்தியைக் காட்டித்தான் வெனிஸ் தன் அடிமைகளை மறைத்தது.

அந்நியனுக்கு முழு பாஷை கொடுப்பது அவனை மன்னிப்பதற்காக அல்ல. அவன் பேசினால்தான் நம்மவர்கள் யார் என்று தெரியும்.