ஏஐ ஏஜென்ட்டுக்கு 'நில ரெக்கார்டு எடு' என்றால் போதுமா? அஞ்செட்டி பட்டாவும் கர்நாடகா பஹணியும் சொல்லும் பாடம்

அரசு சேவைகள் ஒவ்வொன்றாக சாட் வடிவத்துக்கு மாறி வருகின்றன. பிஎம் கிசான் திட்டம் பற்றிய சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல, 'கிசான் இ-மித்ரா' என்ற ஏஐ சாட்பாட்டை மத்திய அரசு 2023 செப்டம்பரில் அறிமுகம் செய்தது. பக்கத்து மாநிலமான ஆந்திராவில், 'மன மித்ரா' என்ற பெயரில் வாட்ஸ்அப் வழி அரசு சேவை 2025 ஜனவரியில் தொடங்கியது.

அடுத்து பேசப்படுவது ஏஐ ஏஜென்ட். இது பதில் சொல்வதோடு நிற்காது, நமக்காக வேலையையும் முடித்துக் கொடுக்கும். அந்த வேலை சரியாக நடக்குமா, சொதப்புமா என்பது பயனர் கண்ணில் படாத நாலு வரிக் குறிப்பில்தான் இருக்கிறது.

அது என்ன குறிப்பு?

ஏஐ மாடலால் தானாகப் போய் பட்டா எடுக்க முடியாது. அதற்கு மென்பொருள் எழுதுபவர்கள் 'டூல்' என்ற கருவிகளை அதன் கையில் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற குறிப்பு, என்னென்ன விவரம் தேவை என்ற பட்டியல் இருக்கும்.

பொதுவாக, டூலுக்குள் இருக்கும் புரோகிராமை மாடல் பார்ப்பதில்லை. குறிப்பைப் படித்துத்தான் எந்த டூலை எடுப்பது, அதில் என்ன நிரப்புவது என்று முடிவு செய்கிறது. குறிப்பு மொட்டையாக இருந்தால் ஊகிக்கும். சிக்கலே அங்கேதான்.

அஞ்செட்டியில் இது ஏன் முக்கியம்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய பகுதி. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் காதில் விழும் வட்டாரம். எல்லையின் இரண்டு பக்கமும் நிலம் உள்ள ஒரு விவசாயி, ஏஐ ஏஜென்ட்டிடம் 'என் நிலத்துக்கு ரெக்கார்டு எடுத்துக் கொடு' என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். டூல் குறிப்பில் 'நில ஆவணம் எடுக்கும்' என்று மட்டும் இருந்தால் 3 இடத்தில் தப்பு நடக்கலாம்.

1. எந்த ஆவணம்? தமிழ்நாட்டில் பட்டா தருவது வருவாய்த் துறை. வில்லங்கச் சான்று தருவது பதிவுத் துறை. கர்நாடகாவில் பட்டா இடத்தில் கேட்கப்படுவது 'பஹணி' எனப்படும் ஆர்டிசி. ஒன்று கேட்டு இன்னொன்று வந்தால் பேங்க்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2. எந்த வட்டம்? கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ல்தான் தருமபுரியில் இருந்து பிரிந்தது. அஞ்செட்டி வட்டம், அதற்கும் பிறகு தேன்கனிக்கோட்டையில் இருந்து பிரிக்கப்பட்டது. பழைய பத்திரத்தில் 'தருமபுரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை வட்டம்' என்று இருக்கும். ஏஜென்ட் அதை அப்படியே நிரப்பித் தேடினால், நிலம் இருந்தும் 'ரெக்கார்டு இல்லை' என்று பதில் வரலாம்.

3. எந்த அளவு? ஒன்றரை ஏக்கர் நிலம் பஹணியில் 1-20 என்று இருக்கும். அதாவது 1 ஏக்கர் 20 குண்டா. கர்நாடகா கணக்கில் 40 குண்டா ஒரு ஏக்கர். அதையே நம்ம ஊர் கணக்கில் படித்தால் 1 ஏக்கர் 20 சென்ட் ஆகிவிடும். 30 சென்ட் காணாமல் போகும்! அதே ஒன்றரை ஏக்கர், ஹெக்டேர்-ஏர் கணக்கில் எழுதும் தமிழ்நாட்டுப் பட்டாவில் சுமார் 0-60.70 என்று இருக்கும். பயிர்க்கடன் ஏக்கர் கணக்கில் பார்க்கப்படுவதால், இந்தத் தப்பு நேரடியாகப் பணத்தைத் தொடும்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்?

இப்படி எழுதலாம்: 'தமிழ்நாட்டு நிலத்தின் பட்டா நகல் எடுக்க மட்டும். சிட்டா என்று கேட்பவருக்கும் இதே டூல். வில்லங்கச் சான்று, பத்திர நகலுக்கு இது அல்ல. கர்நாடக நிலம் என்றால் பஹணி டூலைப் பயன்படுத்தவும். தற்போதைய மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் தேவை. வட்டம் உறுதியாகத் தெரியாவிட்டால் பயனரிடம் கேட்கவும், ஊகிக்க வேண்டாம். பரப்பு ஹெக்டேர்-ஏரில் வரும்.'

எப்போது பயன்படுத்துவது, எப்போது கூடாது, என்ன தேவை, பதில் எந்த அளவில் வரும், சந்தேகம் வந்தால் என்ன செய்வது. இந்த ஐந்தும் அதில் வந்துவிட்டன. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரிதான்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே பாடம்

கிளாட் ஏஐ-யை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025-ல் ஒரு விஷயத்தைப் பகிர்ந்தது. இணையத்தில் தேடும்போது, கிளாட் தேவையே இல்லாமல் தேடல் வார்த்தைகளோடு '2025' என்று சேர்த்துக்கொண்டிருந்தது. அதனால் தேடல் முடிவுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. டூல் குறிப்பைத் திருத்தி எழுதித்தான் அதைச் சரிசெய்தார்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. ஏஜென்ட் நம்பிப் படிக்கும் குறிப்புக்குள்ளேயே கெட்ட உத்தரவை ஒளித்து வைத்து, பயனரின் தகவலைத் திருட முடியும் என்று இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் 2025 ஏப்ரலில் எச்சரித்தனர். 'டூல் பாய்சனிங்' என்று இதற்குப் பெயர். அதனால், குறிப்பை யார் எழுதினார்கள், பிறகு யார் மாற்றினார்கள் என்பதையும் கண்காணிக்க வேண்டும்.

யார் எழுத வேண்டும்?

புரோகிராம் எழுதுபவருக்கு குண்டாவும் சென்ட்டும் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் விஏஓ-வுக்கும் இ-சேவை மைய ஊழியருக்கும் மக்கள் எந்த வார்த்தையில் கேட்பார்கள், எங்கே குழம்புவார்கள் என்பது அத்துப்படி. அவர்களை உட்கார வைத்து எழுதி, மக்கள் உண்மையில் கேட்கும் கேள்விகளைப் போட்டுச் சோதித்தால், பாதித் தப்புகள் வெளியே வருவதற்கு முன்பே பிடிபடும்.

அதுவரை பயனர்கள் செய்ய வேண்டியது: ஏஐ எடுத்துக் கொடுத்த ஆவணத்தை எங்கேயும் கொடுப்பதற்கு முன், ஆவணத்தின் பெயர், வட்டம், பரப்பளவின் அலகு ஆகிய மூன்றையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.