வெட்ட என்ன அவசரம்?

மேடையில ஏறினா "தொப்புள்கொடி உறவு" எண்டு முழங்குறம். உண்மையான தொப்புள்கொடியைப் பற்றி மட்டும் வாயே திறக்கிறதில்லை.

குறைமாதப் பிள்ளை பிறந்த கையோடு கொடியை வெட்டுவது பழைய பழக்கம். சூல்வித்தகத்தில் நிற்கும் பிள்ளையின் சொந்த இரத்தம் அதோடு வீணாகிறது. 2023இல் லான்செட்டில் வந்த ஆய்வு 20 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது: வெட்டப் பொறுத்தால் இப்பிள்ளைகளின் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. தானாக மூச்சு விடும் பிள்ளைக்கு ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மூச்சு வராட்டி? உடனே உதவி வேணும்தான். அந்த உதவியையே தாயின் கட்டிலடிக்குக் கொண்டுவரும் மேசைகளும் வந்துவிட்டன.

வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் பிரசவத்துக்கு முதல் ஏசி அறை இருக்கா, பில் எவ்வளவு எண்டு கேக்கிறம். "கொடியை எப்ப வெட்டுவீங்கள், டொக்டர்?" எண்டும் கேளுங்கோ. பொறுக்கிறதுக்குக் காசில்லை.