ஆய்வேட்டில் ஏறாத கண்மாய்

என் தாத்தா எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. ஐப்பசி அடைமழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு இரவெல்லாம் கரையில் நடப்பார். எந்த மடையை எவ்வளவு நேரம் திறந்தால் கடைசி வயல் நனையும் என்பது அவருக்குத் தெரியும். கலுங்கில் தண்ணீர் விழும் சத்தத்தை வைத்தே கரை தாங்குமா என்று சொல்லிவிடுவார். கூலி, களத்தில் அளந்து போடும் நெல். அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது.

முதுகலைத் தமிழ் படித்தபோது, பாலைத்திணைக்கு உரிப்பொருள் பிரிவு என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் தெருவே திருப்பூருக்கு பஸ் ஏறியதை அந்தப் பாடத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் ஆய்வேட்டில் தாத்தாவைப் பற்றி ஒரு வரி இல்லை. கற்பித்தவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், தவறு என்னுடையதும்தான்.

நம் ராமநாதபுரம் மாவட்டம் மழையை நம்பிய மண். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் இங்கேதான் இருக்கிறது. பரமக்குடியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால், கமுதி, முதுகுளத்தூர் பக்கம் போனால் நிலமில்லாத குடும்பங்கள் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பிழைக்கின்றன. அந்தப் புகைக்குள்ளிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளை, வீட்டின் முதல் பட்டதாரி. அந்தப் பிள்ளையிடம் கல்லூரி அதன் ஊரைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் முகாம் போடுகிறார்கள். கோயில் வளாகத்தைக் கூட்டுகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். அந்த முகாம் நம் தெருவரை வந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

‘ஊரை விட்டு வெளியேறு என்றுதானே அண்ணல் சொன்னார்?’ என்று மாணவர்கள் கேட்கிறார்கள். சரியான கேள்வி. துண்டு நிலத்தில் அளவுக்கு மேல் ஆள் தேங்கிக் கிடப்பதுதான் சிக்கல், தொழில் பெருக வேண்டும் என்று 1918இலேயே சிறு நில உடைமை பற்றிய கட்டுரையில் பொருளியல் அறிஞராக அவர் வாதிட்டார். வெளியேற விரும்புகிறவர் வெளியேறட்டும். ஆனால், அதே அம்பேத்கர் 1950இல் கல்லூரி தொடங்கத் தேர்ந்தெடுத்த இடம் அவுரங்காபாத். வறட்சிக்குப் பேர்போன மராத்வாடா. படிப்பை வறண்ட மண்ணுக்கே கொண்டுபோனவர் அவர்.

நான் கேட்பது சிறிய காரியம். இறுதிப் பருவ ஆய்வேட்டில் மாணவர் தன் ஊர்க் கண்மாயை எழுதட்டும். மடை எத்தனை, உடைந்தது எது, வரத்துக்கால் எங்கே அடைபட்டது? மீன்பாசி ஏலமும் கருவேல ஏலமும் யாருக்குப் போயின, பணம் எந்தக் கணக்கில் ஏறியது? ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவானால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. எங்கே கேட்க வேண்டும் என்பதும் படிப்புதான்; கேட்பதற்கு 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நிலம் வைத்திருப்போருக்குத்தான் வாக்கு. ஆண்டு முழுக்கத் தண்ணீரைக் காத்தவருக்கு அதில் இடமில்லாதது ஏன் என்பதையும் பொருளியல் துறை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம். உயிரோடிருக்கும் நீர்ப்பாய்ச்சிகளை வகுப்பறைக்கு அழைத்து, சிறப்பு விரிவுரையாளருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தைத் தரலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆதிதிராவிடர் தெருப் பையன் தனியாகப் போய் ஏலக் கணக்கு கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால், அவனைத் தனியே அனுப்பக் கூடாது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேர்ந்த குழுவாக, முதல்வர் கையெழுத்திட்ட கடிதத்தோடு, பேராசிரியர் ஒருவர் உடன் வரப் போக வேண்டும். முடிந்த ஆய்வேட்டைக் கிராம சபையில் வாசிக்கும்போதும் அந்தப் பேராசிரியர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத் துணியாத கல்லூரி, மாணவனுக்கு இந்தத் தலைப்பைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

தலைப்பு கொடுக்கும் நாள் வரும்போது, தம்பி தங்கைகளே, அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்க் கண்மாய்க் கரையில் ஒருமுறை நடந்து பாருங்கள். மடையைக் காட்ட யாராவது ஒரு பெரியவர் இன்னும் இருப்பார். கையில் நோட்டு எடுத்துப் போங்கள்.