உரோமாபுரியும் கோவளத்து நவாபும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக் கழியைக் கடக்கும் இலக்கிய அன்பர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படகுத்துறையைக் கண்டதுமே யவனர் பேச்சு தொடங்கிவிடும். நாமும் அதற்கு விலக்கல்லோம். மிளகுக்குப் பொன், அரிக்கமேட்டு மதுச்சாடிகள், பாண்டியன் அகஸ்டஸுக்கு அனுப்பிய தூது என்று பேச்சு நீளும். மாமல்லபுரம் வருவதற்குள் உரோமாபுரியும் நாமும் சரிநிகர் என்று முடிவாகிவிடும்.

அப்பெருமிதம் பொய்யன்று. யவனர் இங்கே வணிகராக வந்தனர். நம் வேந்தரிடம் காவற்பணியும் புரிந்தனர். ஆனால், தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் உள்ளூர் மன்னரை உரோமாபுரி எவ்வாறு நடத்தியது என்று நாம் கேட்பதில்லை. கேட்டிருந்தால், பாலத்தைத் தாண்டியதும் வரும் கோவளத்தில் பேச்சின் திசையே மாறியிருக்கும்.

வென்ற நாட்டில் எல்லாம் உரோமர் உடனே ஆளுநரை அமர்த்திவிடவில்லை. யூதேயாவில் ஏரோதுக்கு அரசப் பட்டம் தந்தது உரோமாபுரியின் செனட் சபை. அவன் மக்கள் வளர்ந்ததும் உரோமாபுரியிலேயே. இவ்வாறு மன்னர்களையே பிறரை அடிமைப்படுத்தும் கருவியாக்குவது தம்மவரின் பழைய வழக்கம் என்று டாசிட்டஸே ஒளிக்காமல் எழுதினார். பிரித்தானியத் தீவில் இசேனி நாட்டு மன்னன் பிரசுதாகஸ், பாதியாவது தன் மகளிருக்கு மிஞ்சட்டும் என்று நீரோவையும் பங்காளியாக்கி உயில் எழுதினான். அவன் இறந்ததும் நாடு முழுவதும் பறிபோயிற்று. கைம்பெண்ணான அரசி பூதிக்கா சவுக்கடி பட்டாள். கி.பி. 60-61இல் மூண்ட கிளர்ச்சிக்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது: தத்துவ ஞானி செனெக்கா அத்தீவினருக்கு வட்டிக்குக் கொடுத்திருந்த 4 கோடி செஸ்டெர்ஸ் நாணயத்தை ஒரேயடியாகத் திருப்பிக் கேட்டாராம்! எளிமையைப் போற்றி எழுதிய கை அது.

இனிக் கோவளத்துக்கு வருவோம். 1752இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இவ்வூர்க் கோட்டையையும் அடுத்துச் செங்கல்பட்டையும் கிளைவ் கைப்பற்றினார். போர் நடந்தது ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரால். அரியணையில் அமர்த்தியதற்குக் கூலியாக 1763இல் செங்கல்பட்டுச் சீமையை நவாப் கும்பினியாருக்கு ஜாகீராக எழுதித் தந்தார். கும்பினியார் அதனை அவருக்கே குத்தகைக்கு விட்டனர். 1780 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. தன் நாட்டுக்குத் தானே குத்தகைக்காரர்! 1768இல் கோட்டைக்கு அருகிலேயே சேப்பாக்கத்தில் அரண்மனை எழும்பியது. கும்பினிப் படையின் செலவு நவாபின் தலையில் விழுந்தது. அதைக் கட்ட, பால் பென்ஃபீல்டு போன்ற கும்பினி ஊழியரிடமே அவர் கொடுவட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாகக் கொடுத்தது ஊர்களின் வரி வருவாயை. 1785இல் எட்மண்ட் பர்க் இலண்டன் பாராளுமன்றத்தில் ஆர்க்காட்டுக் கடனைப் பற்றி நெடுநேரம் முழங்கினார். கடன்காரரில் சிலர் அதே அவையின் உறுப்பினர், முழக்கம் பலிக்கவில்லை.

திறை வாங்குவது நம் மூவேந்தர் மரபிலும் உண்டே என்று நண்பர்கள் வாதிடுவர். உண்டுதான். தோற்றவன் திறை செலுத்திவிட்டுத் தன் ஊரைத் தானே ஆண்டான். வேந்தனின் ஏவலரிடம் வட்டிக்கு வாங்கி வேந்தனுக்கே செலுத்தும் நிலை அவனுக்கு வந்ததாக நாம் அறிந்த பாடல் எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது எமக்கு உடன்பாடன்று.

கட்டபொம்மனின் கதையைத் திரையில் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். பாளையக்காரரிடம் கிஸ்தி கேட்கும் உரிமை கும்பினிக்கு எங்கிருந்து வந்தது? 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நவாப் விட்டுக்கொடுத்தது அது. தூக்குக் கயிறு கயத்தாற்றில் 1799இல் தொங்கியது; அதைத் திரித்த பட்டறை நம் சேப்பாக்கத்தில் இருந்தது. நவாபை மட்டும் பழிப்பது எம் நோக்கமன்று. பிரசுதாகஸைப் போல அவரும் பாதியையாவது காக்க எண்ணியவர்தாம்.

மிஞ்சியது என்ன? 1801இல் வாலாஜாவின் மகன் இறந்ததும், திப்புவோடு இரகசியக் கடிதம் நடத்தினார்கள் என்று குற்றஞ்சாட்டி ஆட்சி முழுவதையும் கும்பினி எடுத்துக்கொண்டது. உடன்படிக்கைக்கு இணங்காத பேரன் விலக்கப்பட்டான். இணங்கிய அசீமுத்தௌலாவுக்கு நவாப் பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். 1855இல் குலாம் கௌஸ் கான் ஆண் வாரிசின்றி இறந்தபோது அந்தப் பட்டமும் போயிற்று. 1867இல் ஆர்க்காட்டு இளவரசர் என்ற புதிய விருது வழங்கப்பட்டது. அப்போது ஆர்க்காடும் அவர்களிடம் இல்லை, சேப்பாக்க அரண்மனையும் இல்லை.