‘கொட்டுக்காளி’யும் நானும்

ஆண்டு மலர் என்றால் அம்மாவைப் பற்றி ஒரு கவிதை, கலாமைப் பற்றி ஒரு கட்டுரை என்று எழுதித் தப்பித்துவிடலாம். நான் ஒரு சினிமாவோடு வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

2024 ஆகஸ்ட் 23-இல் வெளியான ‘கொட்டுக்காளி’யைத்தான் சொல்கிறேன். ‘விடுதலை’, ‘கருடன்’ பார்த்த சூட்டில், சூரி அண்ணன் நாலு பேரைத் தூக்கிப் போட்டு அடிப்பார் என்று செஞ்சியிலிருந்து மூன்று பைக்கில் ஆறு பேர் திண்டிவனம் போனோம். அடித்தார். ஆனால் வில்லனை இல்லை, கூட வந்த பெண்களை!

கதை ஒரு வரிதான். மீனா (அன்னா பென்) வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நம்பும் சொந்தக்காரர்கள், ஆட்டோவில் ஏற்றி, பலி கொடுக்க ஒரு சேவலையும் எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போகிறார்கள். அவளைக் கட்டிக்கப்போகும் பாண்டி (சூரி) தொண்டை கட்டிப்போய், சுண்ணாம்பு தடவிக்கொண்டு பைக்கில் வருகிறான். அவ்வளவுதான் படம். பாட்டு இல்லை, பின்னணி இசை என்று ஒரு பொட்டுகூட இல்லை. பாதிப் படத்திலேயே தியேட்டரில் “மியூசிக் டைரக்டர் லீவாடா?” என்று கத்தினார்கள். கத்தியதில் நானும் ஒருத்தன்.

இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ். இவருடைய முதல் படம் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. வெயிலையும் கல்லையும் அதில் பார்த்தபோது நம்ம ராஜகிரி அடிவாரம்தான் ஞாபகம் வந்தது.

இசை இல்லாததுதான் இந்தப் படத்தின் பலம் என்று இப்போது சொல்லுவேன். இசை இருந்தால், இந்த இடத்தில் அழு, இந்த இடத்தில் பயப்படு என்று அது நமக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். இங்கே ஆட்டோ சத்தம், சேவல் சத்தம், காற்று. கூடவே அந்த ஆட்டோவில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். ஆட்டோவைத் திருப்ப வேண்டி வரும்போது, உள்ளே இருக்கும் மீனாவை இறங்கச் சொல்லாமலே ஆம்பளைகள் சேர்ந்து அப்படியே தூக்கித் திருப்புவார்கள். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் சித்தி மகளையும் இப்படித்தான் குறி சொல்லும் ஒருத்தரிடம் கூட்டிப் போனோம். அவள் ஆட்டோவில். பின்னால் பைக்கில் வந்தது நான். பெட்ரோல் போட்டதும் நான்தான்.

குறையும் நிறைய உண்டு. சில காட்சிகள் தேவைக்கு மேல் நீளம்; பைக் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. முடிவைச் சொல்லாமல் படத்தை நிறுத்தியதில் பலருக்குக் கோபம். எனக்கு அதில் கோபமில்லை. என் வழக்கே வேறு. கடைசியில் சாமியார் இன்னொரு பெண்ணை நடத்தும் விதத்தைப் பாண்டி பார்க்கிறான், தயங்குகிறான். அவன் என்ன செய்வான் என்பதுதான் நமக்கு விடப்படும் கேள்வி. அப்போ மீனாவின் கதி மறுபடி ஒரு ஆம்பளையின் மனசு மாறுவதில்தானே இருக்கிறது? படம் முழுக்க அவள் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. மௌனம்தான் அவளுடைய எதிர்ப்பு என்கிறார்கள் படித்தவர்கள். இருக்கலாம். ஆனால் அவளைச் சிலை மாதிரி உட்கார வைத்துவிட்டதால், அவள் எதற்குப் பயப்படுகிறாள், எதை நினைத்துச் சிரிப்பாள் என்று நமக்குத் தெரியவே இல்லை. கூட வரும் பெண்களாவது பேசுகிறார்கள், புலம்புகிறார்கள். அவர்களைத்தான் எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போன பொங்கல் லீவில் சித்தி மகளுக்கு என் செல்போனில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். மன்னிப்புக் கேட்கத் தைரியமில்லாமல் படத்தைக் காட்டினேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். கடைசிவரை பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்:

“படம் நல்லாத்தான் இருக்குதுண்ணா. ஆனா அந்தப் பொண்ணு பேசவே இல்ல. நான் அன்னிக்கு வழி பூரா கத்திக்கிட்டே வந்தேன். பைக்ல உனக்குக் கேக்கலையா?”

– மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு