பாதிப் பெட்டிகள் போக வேண்டும்

முதலாம் ஆண்டு போகப்போகும் மகளுக்கு மேசை வாங்கிவிட்டோம். நல்ல மேசை. போடத்தான் இடமில்லை. எங்கள் அடுக்குமாடி வீட்டில் காலி செய்யக்கூடிய சுவர் ஒன்றே ஒன்றுதான். அந்தச் சுவரில் என் ஜாஸ் பெட்டிகள் நிற்கின்றன. எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு.

“எல்லாத்தையும் எடுக்கச் சொல்லலை. பாதியை எடுங்க, போதும்” என்றார் மனைவி. இதற்கு மேல் நியாயமாக யாரும் கேட்க முடியாது. அதனால்தான் எனக்கு வாதாட ஒன்றும் கிடைக்கவில்லை.

பெட்டி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரு கலைஞர் ஒரு காலகட்டத்தில் பதிவு செய்த அனைத்தையும், வெளிவராமல் கிடந்ததையும் சேர்த்து, நாலு தட்டோ பத்துத் தட்டோ ஒன்றாக அடுக்கி, ஒரு குறிப்புப் புத்தகத்தோடு விற்பார்கள். ஜான் கோல்ட்ரேன் 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு விடுதியில் நாலு இரவு வாசித்ததைப் பதிவு செய்தார்கள். 1997-இல் அது நாலு குறுந்தட்டுகளாக வந்தது. அதில் ‘இந்தியா’ என்ற உருப்படி மட்டும் நாலு முறை வருகிறது. “ஒரே பாட்டை எதுக்கு நாலு தடவை?” என்று வீட்டில் கேட்டார்கள். ஒரே வித்வான் நாலு ஊர்க் கச்சேரியில் பாடிய கல்யாணியை வரிசையாகக் கேட்பவர்கள் நம்மிடையே இல்லையா? அதே ஆசைதான் இதுவும்.

வாங்கும் காலத்தில் பெட்டியின் அழகு கண்ணை மறைக்கும். எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று தரையில் பரப்பி உட்கார்ந்தபோதுதான் இசையை மறந்துவிட்டு அட்டையையும் பசையையும் பார்க்க ஆரம்பித்தேன். பினாங்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரப்பதம் எண்பது விழுக்காடு என்பது நமக்குச் சாதாரண நாள். காலணி பூஞ்சணம் பூக்கும், திருமண ஆல்பம் ஒட்டிக்கொள்ளும், அப்பளம் அரை மணியில் நமத்துவிடும். அந்தக் காற்றில்தான் பனி நாடுகளுக்காகச் செய்த அட்டைப் பெட்டிகளைப் பத்தாண்டு வைத்திருக்கிறேன்.

முதலில் திறந்த பெட்டியே பாடம் சொன்னது. தட்டுகள் ஆடாமல் இருக்க நடுவில் ஒரு நுரைத்தாள் வைத்திருந்தார்கள். அது இளகி, பழைய பாலாடை மாதிரி தட்டின் மேல் ஒட்டியிருந்தது. பழைய இரட்டைத் தட்டு உறைகள் வைத்திருப்பவர்கள் இன்றே திறந்து, நுரைத்தாள் இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். ஒட்டியதைச் சுரண்டினால் தட்டும் போகும். எச்சரிக்கை அவ்வளவுதான், மேலே போவோம்.

காகிதமே தட்டைத் தின்ற கதையும் உண்டு. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் நகரில் இருந்த பிடிஓ ஆலையில் 1988-இலிருந்து 1993 வரை அச்சான குறுந்தட்டுகளில் பல, ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறத் தொடங்கின. குறிப்புப் புத்தகக் காகிதத்தில் இருந்த கந்தகம், தட்டின் மேல்பூச்சைத் தாண்டி உள்ளேயிருக்கும் உலோகப் படலத்தை அரித்துவிட்டது. நூறாண்டு உழைக்கும் என்று சொல்லி விற்ற பொருளை அதனுடன் வந்த புத்தகமே கெடுத்தது. எந்த மாமியார் மருமகள் நாடகத்திலும் இப்படி ஒரு திருப்பம் இல்லை.

துருவை விலை கொடுத்து வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பியானோ கலைஞர் பில் எவன்ஸ் வெர்வ் நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகள் 1997-இல் பதினெட்டுத் தட்டுகளாக ஓர் இரும்புப் பெட்டியில் வந்தன. பூச்சு இல்லாத இரும்பு. துருப்பிடிக்க வேண்டும் என்றே செய்தது. ஒவ்வொரு பெட்டியும் தன் போக்கில் துருவேறி, ஒன்றைப் போல் ஒன்று இராது என்பதுதான் அதன் அழகாம். கர்னி டிரைவ் கடலோரம் சைக்கிள் நிறுத்திப் பழகியவர்களுக்கு இந்தத் தத்துவம் புரிவது கடினம். நம் ஊரில் துரு இலவசம். நான் அதை வாங்கவில்லை. இசைக்காக ஆசை இன்னும் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

வாங்கியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வடிவம் மொசைக் நிறுவனத்துடையது. மைக்கேல் கஸ்கூனாவும் சார்லி லூரியும் தொடங்கிய நிறுவனம். முதலில் வந்தது தெலோனியஸ் மங்க் புளூ நோட்டுக்காகச் செய்த பதிவுகள். பெரிய நிறுவனங்கள் தூசியில் போட்டு வைத்த நாடாக்களை உரிமம் வாங்கி, குறிப்பிட்ட எண்ணிக்கை மட்டும் வெளியிட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் வரிசை எண் போட்டு, தீர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். கறுப்புப் பெட்டி, பழைய எல்பி அளவு, அதாவது பன்னிரண்டு அங்குலம். உள்ளே இருப்பது கையகலக் குறுந்தட்டு என்றாலும் வெகுகாலம் பெட்டி மட்டும் அந்த அளவிலேயே இருந்தது. அதற்குக் காரணம் புத்தகம். அதே பெரிய அளவில், கண்ணாடி போடாமல் படிக்கும்படி: எந்தத் தேதி, எந்த ஊர், டிரம்ஸ் யார், பாஸ் யார், எது எத்தனையாவது முயற்சி. தட்டுகள் சாதாரண பிளாஸ்டிக் உறையில் கிடக்கும். உடைந்தால் ஒரு வெள்ளிக்கு இன்னோர் உறை கிடைக்கும். அழகு என்று பார்த்தால் அரசாங்கக் கோப்பு மாதிரிதான். எனக்கு அதுவே போதும். கஸ்கூனா 2024-இல் மறைந்தார். அன்று நிகழ்ச்சியில் அவர் பெயரைச் சொன்னேன். யாருக்கும் தெரிந்திருக்காது, இருந்தாலும் சொன்னேன்.

அழகு என்று பார்த்தால் கொலம்பியாவின் மைல்ஸ் டேவிஸ் வரிசைதான். 1990-களின் நடுவிலிருந்து வந்தவை. புத்தக வடிவம், முதுகில் உலோகப் பட்டை. வரிசையாக நிறுத்தினால் கோயில் வெள்ளிக் கவசம் மாதிரி மின்னும். விருந்தாளிகள் முதலில் தொடுவது அவற்றைத்தான்.

மிக மோசமானதையும் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். அட்டைப் பக்கத்தில் ஒரு கீறல் வெட்டி, அதற்குள் தட்டைச் செருகி வைத்திருந்தார்கள். வெளியே எடுக்க விரலும் நகமும் போதாது. எடுக்கும்போதெல்லாம் அட்டை தட்டைத் தேய்க்கும். மூன்றாவது தட்டு ஏழாவது பாட்டில் இப்போது திக்குகிறது. ஓரத்தில் பசை விட்டுப்போன இடத்தில் இராமபாணப் பூச்சி குடும்பம் நடத்துகிறது. அந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் ஒரு மாத மளிகைச் சாமான் வாங்கியிருக்கலாம். இதை மனைவி படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

இந்த இடத்தில் இளம் நேயர்கள் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். கைத்தொலைபேசியில் மாதம் சில வெள்ளிக்கு எல்லாமே கிடைக்கும்போது இந்த அட்டைகள் எதற்கு? இசைக்காக என்றால் தேவையில்லைதான். நானும் காரில் செயலியில்தான் கேட்கிறேன். ஆனால் செயலி பாட்டைத் தரும், வாசித்தவரின் பெயரைப் பெரும்பாலும் தராது.

எனக்கு இது உறைத்தது சார்லி மரியானோவால். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர். சார்ல்ஸ் மிங்கஸின் 1963-ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றில் அவருடைய ஆல்டோ சாக்ஸபோன் அழுவதைக் கேட்டு, “யாரிது?” என்று உறைக் குறிப்பில் பெயரைத் தேடி, அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனேன். போன இடம் எங்கே தெரியுமா? கோலாலம்பூர். 1960-களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி தர வந்தவர் அவர். வந்த இடத்தில் நாதஸ்வரம் அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு தென்னிந்தியா போய் முறையாகக் கற்று, ஐரோப்பிய ஜாஸ் மேடைகளில் நாதஸ்வரம் ஊதினார். 1983-இல் கர்நாடகா தாளவாத்தியக் கல்லூரிக் குழுவோடும் பாடகி ஆர்.ஏ. ராமமணியோடும் சேர்ந்து ‘ஜோதி’ என்ற இசைத்தட்டை இசிஎம் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். 2009-இல் ஜெர்மனியில் காலமானார்.

குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வாசலில் சின்ன வயதிலிருந்து நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன் நான். ஊடகப் படிப்பும் படித்தவன். எந்த வகுப்பிலும் இதை யாரும் சொல்லவில்லை. ஒரு பழைய உறையில் இருந்த பெயர்தான் வழி காட்டியது. இதை ஒருநாள் நிகழ்ச்சியில் சொன்னபோது பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா அழைத்தார். “தம்பி, அந்த வெள்ளைக்காரர் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன். எங்கப்பா நாதஸ்வரம் வாசிச்சவர். அவருக்குத் தெரிஞ்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.” எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

நம் ஊருக்கும் ஜாஸ் உண்டு. பியானோ கலைஞர் ஜிம்மி பாயில் (1922–1971) பினாங்குக்காரர். மலாய்ப் பாடல்களுக்குள் ஜாஸைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். நாட்டுப்பற்றுப் பாடல்களும் இயற்றியவர். அவருடைய தலைமுறையில் பலர் விடுதிகளிலும் வானொலியிலும் நேரடியாக வாசித்தார்கள். நேரடி வாசிப்பு அந்த இரவோடு போனது. நாடா விலை அதிகம் என்பதால் அழித்து மறுபடி பதிவது அன்று உலகம் முழுக்க வானொலி நிலையங்களின் வழக்கம். அதனால் பெட்டி போட இசை மிச்சமிருப்பதே கொஞ்சம். பினாங்கு ஜாஸ் விழாவை 2004-இல் தொடங்கிய பால் அகஸ்டின், ஜேம்ஸ் லோக்ஹெட்டுடன் சேர்ந்து அந்தக் காலத்து பினாங்கு இசைக் கலைஞர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். படங்கள், பெயர்கள், எந்த விடுதியில் யார் வாசித்தார்கள் என்ற விவரங்கள். புரட்டும்போது எனக்கு அது தட்டுகள் தொலைந்துபோன ஒரு பாக்ஸ் செட்டின் குறிப்புப் புத்தகமாகவே தோன்றியது.

தமிழ்த் திரையிசைக்கு வருவோம். அங்கே நிலைமை தலைகீழ். இசை எல்லாம் இருக்கிறது, குறிப்புப் புத்தகம்தான் இல்லை. எம்.எஸ்.வி. பாடல்களில் அந்த அக்கார்டியனை வாசித்த மங்களமூர்த்தி, டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட் போன்றவர்களின் பெயர் எத்தனை இசைத்தட்டு உறைகளில் இருக்கிறது? படத்தின் பெயர், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர், அதோடு முடிந்தது. நானும் பத்தாண்டாக வானொலியில் அப்படியே வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன். பதின்மூன்று பெட்டிகள் போயின. உலோக முதுகு மைல்ஸ் வரிசையில் இரண்டைக் கொடுத்துவிட்டேன். புத்தகம் நல்ல நிலையில் இருந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். பழைய தட்டுகளைச் சின்னச் சின்னதாய் அச்சடித்த உறைகளோடு வந்த பெட்டிகளும் போயின. பார்க்க பொம்மை போல அழகு, பின்னட்டை எழுத்தைப் படிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டும். மொசைக் எதையும் தொடவில்லை. கோல்ட்ரேனின் நாலு ‘இந்தியா’வும் இருக்கின்றன. நேயர்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: தட்டுகளைத் தனியே எடுத்து, கேமரா வைக்கும் ஈரமுறிஞ்சிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நுரைத்தாள் எதுவும் இல்லை.

விற்ற பணத்தோடு ஞாயிறு காலை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். வாங்குவதற்கு அல்ல, வேடிக்கை பார்க்க. சத்தியமாக. பழைய தட்டு விற்கும் சீன அங்கிள் ஒரு கட்டுத் தமிழ் எல்பிகளை நகர்த்திவைத்தார். எழுபதுகளின் படம் ஒன்று. உறை கிழிந்து, ஓரத்தில் செலோடேப் ஒட்டியிருந்தது. திருப்பினேன். பின்பக்கம் ஒவ்வொரு பாட்டின் பெயருக்குப் பக்கத்திலும் யாரோ நீலப் பேனாவால், சின்ன எழுத்தில், இடம் போதாமல் ஓரம்வரை எழுதியிருந்தார்கள். ‘அக்கார்டியன் – மங்களமூர்த்தி. டிரம்ஸ் – நோயல்.’ கீழே ‘புல்லாங்குழல் – ?’

அங்கிள் உறையை வாங்கிப் பார்த்தார். கிறுக்கியிருக்கிறது, ஐந்து வெள்ளி குறைத்துக்கொள் என்றார். நான் குறைக்கவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். மேசைக்குப் பக்கத்தில், பதினான்கு பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருந்தது. அங்கேதான் நிற்கிறது. அந்தப் புல்லாங்குழல் யார் என்று தெரிந்தவர்கள் நிலையத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள், படத்தின் பெயரை அங்கே சொல்கிறேன்.