சம்பளம் கூடுகிறது, மிச்சம் கூடுமா?

திருச்சியிலிருந்து பெங்களூருக்கு வேலை மாறும் குடும்பங்கள் சம்பளத்தையும் வாடகையையும் மட்டுமே ஒப்பிடுவதைக் காண்கிறோம். அங்கே பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாளைய வழக்கம். வாடகை 20,000 ரூபாய் என்றால் வீட்டுக்குள் நுழையவே 2 லட்சம் வேண்டும். தமிழகத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக மூன்று மாதம் என்கிறது (எத்தனை வீட்டுக்காரர்கள் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை). கடன் வாங்கிக் கட்டினால், கூடுதல் சம்பளத்தில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும்.

ரேஷனிலும் இழப்பு உண்டு. நம் எல்லா அரிசி அட்டைகளுக்கும் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மாநிலம் தாண்டினால் முன்னுரிமை அட்டைக்கு மட்டுமே. பெண்களுக்கு இங்கே 2021 முதல் நகரப் பேருந்தில் கட்டணமில்லை. கர்நாடகம் 2023-இல் தொடங்கிய சலுகையோ அம்மாநில முகவரிச் சான்று கேட்கிறது.

முன்பணத்தை வட்டியில்லாக் கடனாக நிறுவனம் தருமா என்பதை வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடுவோம். சேர்ந்தபின் கேட்டால் பதில் வராது.